பத்து வருஷ முடிவுகளை வைத்து ஒரு தடைதாண்டும் குதிரைப் பந்தயத்தைப் படிப்பது எப்படி?

புதுச்சேரியில் ரேஸ் மைதானம் இல்லை, ஆனால் ரேஸ் பேச்சு உண்டு. வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருக்கிற ஊர் இது. பாரிசிலிருந்து விடுமுறைக்கு வருகிற மாமாக்கள், சொல்தா பென்ஷன் (பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம்) வாங்கும் பெரியவர்கள் என்று யாராவது ஒருவர் அங்கிருக்கும் ஓத்தேய் ரேஸ் மைதானத்தைப் பற்றியோ, காபிக்கடையில் விற்கும் பே-எம்-யூ பந்தயச் சீட்டைப் பற்றியோ கதை சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது யூடியூப் வந்த பிறகு இளைஞர்களும் பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் தடைதாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனல் ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, நம் நேரப்படி இரவு எட்டரைக்கு ஓடுகிறது. டிபன் முடித்துவிட்டு உட்கார வசதியான நேரம்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே ‘கடந்த பத்து வருஷப் போக்கு’ என்று பட்டியல்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். கடலூர் மஞ்சக்குப்பத்து நண்பர் ஒருவர் அப்படி ஒன்றை எனக்கு அனுப்பி, “சார், பத்துல ஆறு தடவ எட்டு வயசுக் குதிரைதான் ஜெயிச்சிருக்கு. அப்போ மத்த வயசையெல்லாம் அடிச்சிடலாம்ல?” என்று கேட்டார். அடிக்கக் கூடாது. ஏன் கூடாது, அந்தப் பட்டியலை வேறு எப்படிப் பயன்படுத்தலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பண விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது உண்மைதான். அதைக் காட்டி யாராவது வெளிநாட்டு ஆப்பில் பணம் கட்டச் சொன்னால் கேட்காதீர்கள். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்துவிட்டது. இங்கே வேண்டியது ஒரு நோட்டும் பேனாவும் மட்டும்.

எந்த மாதிரி ஓட்டம் என்று முதலில் பாருங்கள்

நம் ஆட்களுக்குப் பழக்கமான கிண்டி, ஊட்டி, பெங்களூரு ரேஸ் எல்லாம் சமதள ஓட்டம். ஒரு மைல், ஒன்றேகால் மைல், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தடைதாண்டும் பந்தயம் வேறு உலகம். தூரம் குறைந்தது இரண்டு மைல், அதாவது 3.2 கிலோமீட்டர். குதிரைக்கு வேகத்தோடு மூச்சும் வேண்டும், தாண்டும் பழக்கமும் வேண்டும். சமதள ஓட்டத்தில் மூன்று வயதுக் குதிரைதான் நட்சத்திரம். இங்கே எட்டு, ஒன்பது வயதில்தான் பெரிய பந்தயம் ஜெயிக்கிறது.

இதற்குள்ளும் இரண்டு வகை. ஹர்டில் என்பது சாயக்கூடிய தட்டி, மூன்றரை அடி உயரம். குதிரை லேசாக உரசினாலும் தப்பித்துவிடும். ஸ்டீப்பிள்சேஸ் தடை குறைந்தது நாலரை அடி, உரசினால் விலை கொடுக்க வேண்டியிருக்கும். ஹர்டிலில் பிரமாதமாக ஓடிய குதிரை ஸ்டீப்பிள்சேஸுக்கு வந்ததும் திணறுவது சாதாரணம். ஆகவே பழைய முடிவுகளைப் பார்க்கும்போது இந்த இரண்டையும் கலக்காதீர்கள்.

அடுத்தது எடை. சில பந்தயங்களில் எல்லாக் குதிரைக்கும் ஏறக்குறைய ஒரே சுமை. இங்கிலாந்தின் செல்டன்ஹாம் கோல்ட் கப் அப்படி, பாரிசின் கிராண்ட் ஸ்டீப்பிள்சேஸும் அப்படி. அங்கே நல்ல குதிரை நல்ல குதிரையாகவே ஜெயிக்கும். கிராண்ட் நேஷனல் ஹேண்டிகேப் பந்தயம். தரம் கூடக் கூட முதுகில் சுமையும் கூடும். எல்லாக் குதிரையும் கோட்டை ஒன்றாகத் தொட வேண்டும் என்ற நோக்கத்தில் எடை போடுகிறார்கள். 1973-இல் கிரிஸ்ப் என்ற குதிரை 12 ஸ்டோன் (ஒரு ஸ்டோன் 14 பவுண்டு), அதாவது 76 கிலோவுக்குச் சற்று அதிகம் சுமந்து, பந்தயத்தின் பெரும்பகுதி முன்னால் ஓடியது. 10 ஸ்டோன் 5 பவுண்டு சுமந்த ரெட் ரம் கடைசிச் சில தப்படிகளில் அதைப் பிடித்து முக்கால் குதிரை நீளத்தில் ஜெயித்தது. இரண்டுக்கும் எடை வித்தியாசம் 23 பவுண்டு, ஏறக்குறைய பத்தரை கிலோ. முடிவுப் பட்டியலில் கிரிஸ்ப் ‘2-வது’ என்று மட்டும்தான் இருக்கும். அன்று ஓடியதில் சிறந்த குதிரை எது என்று என்னைக் கேட்டால் கிரிஸ்ப் என்றுதான் சொல்வேன். ஹேண்டிகேப் பந்தயத்தின் முடிவை எடையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பட்டியலை நீங்களே எழுதுங்கள்

அடுத்தவர் தயாரித்த போக்குப் பட்டியலை வாங்காதீர்கள். அவருக்குப் பிடித்த குதிரைக்குச் சாதகமான பத்தியை (அதாவது வயது, எடை என்ற நெடுவரிசையை) மட்டும் அவர் வைத்திருப்பார். முடிவுகள் எல்லாம் பொதுவெளியில் இருக்கின்றன. கிராண்ட் நேஷனலின் பத்து ஓட்டங்களை எழுதிக் காட்டுகிறேன். 2020-இல் கொரோனாவால் பந்தயம் நடக்கவில்லை. நமக்குப் புரிய வேண்டும் என்பதால் எடையைக் கிலோவில் தருகிறேன்.

2015: மெனி கிளவுட்ஸ், 8 வயது, 73.9 கிலோ, 25-க்கு 1, இங்கிலாந்து
2016: ரூல் த வேர்ல்ட், 9 வயது, 66.7 கிலோ, 33-க்கு 1, அயர்லாந்து
2017: ஒன் ஃபார் ஆர்தர், 8 வயது, 68.5 கிலோ, 14-க்கு 1, ஸ்காட்லாந்து
2018: டைகர் ரோல், 8 வயது, 69.4 கிலோ, 10-க்கு 1, அயர்லாந்து
2019: டைகர் ரோல், 9 வயது, 72.1 கிலோ, 4-க்கு 1, அயர்லாந்து
2021: மினெல்லா டைம்ஸ், 8 வயது, 64.9 கிலோ, 11-க்கு 1, அயர்லாந்து
2022: நோபிள் யேட்ஸ், 7 வயது, 68 கிலோ, 50-க்கு 1, அயர்லாந்து
2023: கோராக் ராம்ப்ளர், 9 வயது, 65.8 கிலோ, 8-க்கு 1, ஸ்காட்லாந்து
2024: ஐ ஆம் மேக்ஸிமஸ், 8 வயது, 72.6 கிலோ, 7-க்கு 1, அயர்லாந்து
2025: நிக் ராக்கெட், 8 வயது, 73.5 கிலோ, 33-க்கு 1, அயர்லாந்து

‘25-க்கு 1’ மாதிரி இருப்பது பந்தய விலை, ஒரு ரூபாய் வைத்து ஜெயித்தால் 25 ரூபாய் லாபம். நாடு என்பது பயிற்சியாளர் இருக்கும் நாடு. குதிரை பிறந்த நாடு வேறாக இருக்கலாம்.

நண்பர் சொன்னது சரிதான். எட்டு வயது ஆறு, ஒன்பது வயது மூன்று, ஏழு வயது ஒன்று. பத்து வயதோ அதற்கு மேலோ ஒன்றுகூட இல்லை. இதைப் பார்த்தவுடன் பேனாவை எடுத்துப் பதினொரு வயதுக் குதிரைகளை அடிக்கத்தான் தோன்றும்.

இப்போது பட்டியலை மூன்று வருஷம் பின்னால் நகர்த்துங்கள். 2012-இல் நெப்டியூன் கொலோஞ்ச், 2013-இல் ஔரோராஸ் என்கோர், 2014-இல் பினோ டி ரே. மூன்றுக்கும் வயது பதினொன்று! 2014 முடிந்த கையோடு யாராவது ‘மூன்று வருஷப் போக்கு’ எழுதியிருந்தால் பதினொரு வயதுக்குக் கீழே எதுவும் தேறாது என்று எழுதியிருப்பார். அதற்கு அடுத்த பத்து ஓட்டத்தில் அந்த வயதில் ஒன்றும் ஜெயிக்கவில்லை.

எத்தனை ஓடின என்று எண்ணாமல் எத்தனை ஜெயித்தன என்று எண்ணாதீர்கள்

புதியவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இங்கேதான். புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கடக்கிற வண்டிகளில் பெரும்பாலானவை டூ வீலர். அங்கே உரசிக்கொள்ளும் வண்டிகளிலும் டூ வீலர்தான் அதிகம் இருக்கும். இதை வைத்து டூ வீலர்தான் ஆபத்தான வண்டி என்று முடிவு கட்ட முடியுமா? கடந்து போனவை எத்தனை என்ற கணக்கும் கூட வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பத்திக்குப் பக்கத்திலும் இன்னொரு பத்தி போடுங்கள்: அந்த வகையில் மொத்தம் எத்தனை குதிரை ஓடியது? ஓடியவற்றில் மூன்றில் ஒன்று எட்டு வயது என்று வைத்துக்கொள்வோம். எந்த விசேஷமும் இல்லாவிட்டாலும் பத்தில் மூன்று அல்லது நான்கு வெற்றி தானாகவே வரும். ஆறு வந்தால் கவனிக்கலாம், ஆனால் ஆடிப்போக வேண்டியதில்லை. ஏழு வயதுக் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-இல் பொக்ஸ்கார் ஜெயித்த பிறகு 2022 வரை, எண்பது வருஷத்துக்கு மேல், ஏழு வயதில் எதுவும் ஜெயிக்கவில்லை. கேட்க பயங்கரமாக இருக்கிறது. அத்தனை வருஷமும் அந்த வயதில் ஓடியவை குறைவு என்று தெரிந்தால் பயம் பாதியாகிவிடும். ஏழுதான் இப்போது அனுமதிக்கப்படும் குறைந்தபட்ச வயது. அந்த வயதில் இவ்வளவு நீளமான ஓட்டத்துக்குத் தயாரான குதிரை எத்தனை இருக்கும்? 50-க்கு 1 விலையில் நோபிள் யேட்ஸ் ஜெயித்தபோது, போக்குப் பட்டியலை வைத்து அதை அடித்திருந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஜெயித்த குதிரையை மட்டும் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2012-இல் நெப்டியூன் கொலோஞ்ச் ஒரு மூக்கு நீளத்தில் ஜெயித்தது. இரண்டாவதாக வந்த சன்னிஹில்பாய்க்கு வயது ஒன்பது. முதல் குதிரை சுமந்தது 11 ஸ்டோன் 6 பவுண்டு, இரண்டாவது 10 ஸ்டோன் 5 பவுண்டு. ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் தூரம் ஓடி, ஒரு மூக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போனதில் ‘வயசான, அதிக எடை சுமந்த குதிரை’ என்ற பதிவு ‘இளைய, குறைந்த எடைக் குதிரை’ என்று மாறியிருக்கும். ஆகவே முதல் நான்கு இடங்களை எழுதுங்கள். பத்து ஓட்டத்துக்குப் பத்துக்குப் பதில் நாற்பது குதிரை கிடைக்கும்.

ஒவ்வொரு போக்குக்கும் காரணம் கேளுங்கள்

பத்து முடிவு என்பது சின்னக் கணக்கு. வயது, எடை, நிறம், பிறந்த நாடு, ஜாக்கியின் வயது, கடைசியாக ஓடிய மாதம் என்று இருபது பத்தி போட்டால், ஏதோ இரண்டு மூன்று பத்தியில் தற்செயலாகவே பத்துக்கு எட்டு, ஒன்பது என்று வந்து நிற்கும். நிஜப் போக்கையும் தற்செயலையும் பிரிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, ‘இது ஏன் நடக்க வேண்டும்?’ என்று கேட்பது. குதிரையின் உடம்பிலோ, மைதானத்திலோ, விதிகளிலோ, பணத்திலோ ஒரு காரணம் காட்ட முடிந்தால் போக்கை வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் தூக்கிப் போடுங்கள். சாம்பல் நிறக் குதிரை 1961-இல் ஜெயித்தது, அப்புறம் 2012-இல்தான் ஜெயித்தது. இடையில் அரை நூற்றாண்டு! நிறத்துக்கும் தாண்டுவதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை, சாம்பல் நிறக் குதிரைகளே குறைவு.

புதுச்சேரிக்காரர்களுக்குப் பிடித்த உதாரணம் இன்னொன்று. பிரான்சில் பிறந்த குதிரை 1909-இல் லுத்தேர் என்ற பெயரில் ஜெயித்தது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் பிறந்த குதிரை ஜெயிக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மோன் மோம், 100-க்கு 1 விலை. நூறு வருஷம் என்பதால் ‘பிரெஞ்சுக் குதிரைக்கு இந்த மைதானம் ஒத்துவராது’ என்று வியாக்கியானம் செய்தவர்கள் உண்டு. அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரெஞ்சுக் குதிரைகள் அங்கே அதிகம் ஓடவே இல்லை. பிறகு பிரிட்டன், அயர்லாந்து உரிமையாளர்கள் பிரான்சில் குதிரை வாங்க ஆரம்பித்தார்கள். பிரான்சில் மூன்று வயதிலேயே தாண்டப் பழக்கிப் பந்தயத்தில் விட்டுவிடுவதால், வாங்கும்போதே பாதிப் பாடம் படித்த குதிரையாக இருக்கிறது. இது காரணம். அதற்கேற்ற மாதிரி 2012-இல் நெப்டியூன் கொலோஞ்ச், 2024-இல் ஐ ஆம் மேக்ஸிமஸ், இரண்டும் பிரான்சில் பிறந்தவை. எங்கள் வீட்டுப் பாரிஸ் சொந்தக்காரர் இதை ஒவ்வொரு ஏப்ரலிலும் போனில் நினைவுபடுத்துவார், ஏதோ அவர் வீட்டுக் கொட்டிலில் வளர்ந்த மாதிரி.

எடைப் போக்கு இன்னும் சுவாரசியம். 1983-இல் கார்பியர் 11 ஸ்டோன் 4 பவுண்டு சுமந்து ஜெயித்தது. அதற்குப் பிறகு 2004 வரை 11 ஸ்டோனுக்கு மேல், அதாவது 70 கிலோவுக்கு மேல் சுமந்து எதுவும் ஜெயிக்கவில்லை. 2005-இல் ஹெட்ஜ்ஹன்டர் ஒரே ஒரு பவுண்டு கூடுதலாகச் சுமந்து அதை உடைத்தது. ‘எழுபது கிலோவைத் தாண்டினால் அடி’ என்பதுதான் அந்தக் காலத்துப் போக்குப் பட்டியலின் முதல் வரி. இப்போது மேலே உள்ள பத்து ஓட்டத்தைப் பாருங்கள், நான்கு குதிரைகள் அந்தக் கோட்டுக்கு மேலே. 2025-இல் இரண்டாவது வந்த ஐ ஆம் மேக்ஸிமஸ் சுமந்தது 75 கிலோவுக்கு மேல்.

குதிரைகளுக்குத் திடீரென்று பலம் வந்துவிட்டதா? இல்லை, களம் மாறியது. முன்பு நாற்பது குதிரையில் பெருங்கூட்டம் 10 ஸ்டோன் என்ற அடிமட்ட எடையில் ஓடும், எழுபது கிலோவைத் தாண்டியவை சிலதான். பரிசுத் தொகை கூடியதும் தரமான குதிரைகள் வரிசையில் நின்றன, தரம் குறைந்தவற்றுக்கு இடமே கிடைக்காமல் போனது. மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் இடையே எடை வித்தியாசமும் சுருங்கியது. எடை எவ்வளவு என்பதைவிட, பக்கத்துக் குதிரையைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் கேள்வி.

விதி மாறிய வருஷத்தில் ஒரு கோடு போடுங்கள்

லிவர்பூல் அருகிலுள்ள எய்ன்ட்ரீயில் 1839-லிருந்து இந்தப் பந்தயம் ஓடுகிறது. முப்பது தடைகள், இரண்டு சுற்று. பெச்சர்ஸ் புரூக், கெனால் டர்ன், ஐந்தடிக்கும் மேல் உயரமுள்ள த சேர் என்று ஒவ்வொரு தடைக்கும் ஒரு வரலாறு. ஆனால் இன்றைய தடையும் பழைய தடையும் ஒன்றல்ல. 2013-இல் தடைகளுக்குள் இருந்த மரச்சட்டத்தை எடுத்துவிட்டு வளையக்கூடிய பிளாஸ்டிக் வைத்தார்கள். 2024-இல் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையை 40-லிருந்து 34-ஆகக் குறைத்தார்கள், முதல் தடையைத் தொடக்கக் கோட்டுக்கு 60 கெஜம் அருகில் கொண்டுவந்தார்கள், நுழைவதற்கான குறைந்தபட்ச ரேட்டிங்கை (குதிரையின் தர மதிப்பெண்) 125-லிருந்து 130-ஆக உயர்த்தினார்கள்.

விளைவைப் பாருங்கள். 2024-இல் 32 குதிரைகள் ஓடின, 21 முடித்தன, ஒன்றுகூடக் கால் இடறி விழவில்லை. 1928-இல் முடித்தவை இரண்டே இரண்டு. 1967-இல் ஒரு தடையில் கூட்டமாக எல்லாம் சிக்கிக்கொள்ள, பின்னால் வந்த ஃபொய்னாவன் ஓரமாகத் தாண்டிப் போய் 100-க்கு 1-இல் ஜெயித்தது. அந்த மாதிரி குழப்பத்தை எதிர்பார்த்து ‘யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்’ என்று சொல்வது இன்றைக்குப் பொருந்தாது. தடை மென்மையானதும் உயிர் பிழைப்பதைவிட வேகமும் தரமும் முக்கியமாகிவிட்டன. எட்டு, ஒன்பது வயதுக் குதிரைகள் தொடர்ந்து ஜெயிப்பதற்கு நான் காணும் காரணமும் இதுதான். நண்பரின் போக்கு முழுத் தவறில்லை. ஆனால் அது ‘வயது எட்டு’ என்ற விதியல்ல, ‘தரமான, இன்னும் தேயாத குதிரை’ என்பதன் நிழல். பத்து வயதில் தரமான ஒன்று வந்தால் அதை நான் அடிக்க மாட்டேன்.

நோட்டில் 2013, 2024 இரண்டிலும் சிவப்புக் கோடு போடுங்கள். கோட்டுக்கு முன்னால் உள்ளதற்கு மதிப்பெண் குறைவு. 2024-க்குப் பின் உள்ள ஓட்டங்கள் மிகச் சில என்பது சங்கடம்தான், வேறு வழியில்லை.

இப்போது குதிரைக்கு வாருங்கள்

ஓட்டம் என்ன கேட்கிறது என்று தெரிந்த பிறகுதான் குதிரையின் பழைய முடிவுகளைத் திறக்க வேண்டும். இங்கிலாந்து முறையில் பெயருக்கு முன்னால் ‘21-3401’ மாதிரி ஒரு வரிசை இருக்கும். இடமிருந்து வலம் படியுங்கள், கடைசி எண்தான் சமீபத்திய ஓட்டம். சுழியம் என்றால் பத்தாவது இடமோ அதற்கும் கீழோ. சின்னக் கோடு பருவம் மாறியதைக் காட்டும். எழுத்து வந்தால் குதிரை பந்தயத்தை முடிக்கவில்லை. எஃப் என்றால் விழுந்தது. யு என்றால் ஜாக்கி தவறி விழுந்தார். புல்டு அப் என்பதன் முதல் எழுத்து (P) வந்தால் ஜாக்கியே நிறுத்திவிட்டார். பிராட் டவுன் என்பதன் முதல் எழுத்து (B) வந்தால் வேறு குதிரை விழுந்து இதைச் சாய்த்தது, அதற்கு இந்தக் குதிரை மேல் பழி இல்லை.

பிரெஞ்சுப் பட்டியலைப் பார்க்கிறவர்கள் கவனம்: அங்கே தலைகீழ். சமீபத்திய ஓட்டம் இடது கோடியில் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் சிறிய எழுத்து ஓட்டத்தின் வகையைச் சொல்லும், ஹர்டிலுக்கு ஆஷ் (h), ஸ்டீப்பிள்சேஸுக்கு எஸ் (s). பெரிய தே (T) என்றால் விழுந்தது, பெரிய ஆ (A) என்றால் நிறுத்தப்பட்டது. இங்கிலாந்துப் பழக்கத்தில் வலமிருந்து பார்த்தால் இரண்டு வருஷம் பழைய வெற்றியை நேற்றைய வெற்றி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, எங்கே எடுத்த எண் என்றும் பாருங்கள். 2016-இல் ஜெயித்த ரூல் த வேர்ல்ட் அதுவரை ஒரு ஸ்டீப்பிள்சேஸ்கூட ஜெயித்ததில்லை. ‘மூன்று மைல் ஸ்டீப்பிள்சேஸ் ஜெயித்திருக்க வேண்டும்’ என்ற போக்கை வைத்திருந்தவர்கள் அதை முதல் நிமிடத்திலேயே அடித்திருப்பார்கள். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் அயர்லாந்தின் கிராண்ட் நேஷனலில் அது இரண்டாவது வந்திருந்தது. அதுவும் மூன்றரை மைலுக்கு மேல், பெரிய கூட்டம், ஹேண்டிகேப். அந்தப் போக்கின் பின்னால் இருந்த நிஜமான கேள்வி ‘இவ்வளவு தூரம் மூச்சு தாங்குமா?’ என்பதுதான். அதற்கு இந்தக் குதிரை ‘ஆம்’ என்று பதில் சொல்லியிருந்தது, வெற்றி என்ற பெயரில் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஐ ஆம் மேக்ஸிமஸ் 2023-இல் அதே அயர்லாந்துப் பந்தயத்தை ஜெயித்த குதிரை.

அதே மைதானத்தில் முன்பு நன்றாக ஓடியதற்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். ரெட் ரம் 1973, 1974, 1977 மூன்று தடவை ஜெயித்தது, இடையில் இரண்டு தடவை இரண்டாவது. டைகர் ரோல் இரண்டு தடவை. எய்ன்ட்ரீயில் கடைசித் தடையைத் தாண்டிய பிறகு கிட்டத்தட்ட 450 மீட்டர் வெறும் ஓட்டம். அங்கே களைத்துப்போகிற குதிரை அடுத்த வருஷமும் அங்கேயே களைக்க வாய்ப்பு அதிகம். 1956-இல் தெவன் லாக் அந்த நீட்டத்தில்தான், ஜெயிக்கப் போகும் நேரத்தில், வயிறு தரையில் பட விழுந்தது.

தரை

மழை பெய்தால் எல்லாம் மாறும். கெட்டியான தரை, நல்ல தரை, மென்மையான தரை, சேறு என்று அங்கே வகை பிரிக்கிறார்கள். எய்ன்ட்ரீயில் தரை கெட்டிப்படாமல் இருக்கத் தண்ணீர் பாய்ச்சுவார்கள், அதனால் பெரும்பாலும் சற்று மென்மையாகவே இருக்கும். 2001-இல் நிஜமான சேறு. நாற்பதில் நான்கு மட்டும் முடித்தன, அதில் இரண்டு, நடுவில் ஜாக்கியை இழந்து மறுபடி ஏற்றிக்கொண்டவை. அந்த வருஷ முடிவை வயதுப் பத்தியிலோ எடைப் பத்தியிலோ சேர்க்காதீர்கள், அது வேறு பந்தயம்.

பாரிசின் ஓத்தேய் மைதானம் மென்மைக்குப் பேர்போனது. கிராண்ட் ஸ்டீப்பிள்சேஸ் அங்கே மே மாதம், 6,000 மீட்டர், 23 தடை. அங்கே எடுத்த நல்ல முடிவு, கெட்டியான தரையில் அப்படியே திரும்ப வரும் என்று நம்ப வேண்டாம். குதிரையின் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் அன்றைய தரையை ஒரே சொல்லில் எழுதிக்கொள்ளுங்கள்.

விலை என்ன சொல்கிறது

33-க்கு 1 என்றால் 34-இல் ஒரு வாய்ப்பு, சுமார் 3 சதவீதம். 4-க்கு 1 என்றால் ஐந்தில் ஒன்று, 20 சதவீதம். 34 குதிரை ஓடும் பந்தயத்தில் 33-க்கு 1 என்பது சரியாகச் சராசரிக் குதிரை, ‘வாய்ப்பே இல்லாத குதிரை’ அல்ல. எல்லாக் குதிரைகளின் சதவீதத்தையும் கூட்டினால் நூறைத் தாண்டும், அந்த அதிகம், பந்தயப் பணம் வாங்கும் புக்கியின் லாபம்.

நமக்கு விலை எதற்கு என்றால், நம் கணக்கைச் சரிபார்க்க. உங்களுக்குத் தெரிந்த போக்கு புக்கிக்கும் தெரியும். வில்லி மல்லின்ஸ் பயிற்சி தரும் குதிரைகள் 2025-இல் முதல் மூன்று இடத்தையும் பிடித்தன. இதைக் கேள்விப்படாதவர் ரேஸ் உலகில் யாரும் இல்லை. ஆகவே அடுத்த வருஷம் அவர் குதிரைகளின் விலையில் அது ஏற்கனவே ஏறியிருக்கும். ஒரு போக்கு உண்மையாகவே இருந்தாலும், எல்லாருக்கும் தெரிந்த பிறகு அதனால் தனி லாபம் இல்லை. ‘இந்தக் குதிரைக்கு விலை சொல்வதைவிட அதிக வாய்ப்பு உண்டு’ என்று நீங்கள் நினைத்தால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் அது ஆசை.

எப்படி ஆரம்பிப்பது

முதல் முயற்சிக்குக் கிராண்ட் நேஷனலைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்பது என் யோசனை, 34 குதிரை தலை சுற்றும். மார்ச்சில் வரும் கோல்ட் கப்பில் ஆரம்பியுங்கள். கூட்டம் குறைவு, ஹேண்டிகேப் கிடையாது, எல்லாமே பெயர் தெரிந்த குதிரைகள். அங்கே கடைசியில் மேட்டில் ஏறி முடிக்க வேண்டும். மேடு ஏறி ஜெயித்தவை எவை என்பது மட்டுமே நல்ல பத்தி.

கிராண்ட் நேஷனலுக்கு எடைப் பட்டியல் பிப்ரவரியில் வரும். அதில் நிறைய பெயர்கள் பின்னால் காணாமல் போகும், அதில் உட்கார்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இறுதிப் பட்டியல் பந்தய வாரம் வியாழக்கிழமை. அன்று இரவு ஒவ்வொரு குதிரைக்கும் மூன்று கேள்வி: தூரம் தாங்குமா, தாண்டுமா, இந்த எடையில் இந்தத் தரம் போதுமா? ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். வயது, நாடு, நிறம் எல்லாம் சமநிலையை உடைக்க மட்டும். மேலே வந்த ஐந்து பெயரையும் காரணத்தையும் எழுதித் தேதி போட்டு வையுங்கள். பந்தயம் முடிந்த பிறகு எழுதினால், ஜெயித்த குதிரையை முதலிலேயே சொன்னதாக மனசு நம்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ரீப்ளேயை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அறிவிப்பாளர் முன்னால் ஓடுவதைத்தான் சொல்வார், நீங்கள் உங்கள் ஐந்தை மட்டும் தொடருங்கள். எந்தத் தடையில் தவறாகத் தாண்டியது, எங்கே கூட்டத்தில் மாட்டியது, கடைசி 450 மீட்டரில் எப்படி ஓடியது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. முடிவுப் பட்டியலில் ‘7-வது’ என்று மட்டும் இருக்கும் குதிரை கடைசியில் வேகமாக நெருங்கி வந்ததா, இல்லை நின்றுபோய்த் தேய்ந்து வந்ததா என்பது அந்த இரண்டு வரியில்தான் இருக்கும்.